கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கதிர்க் கொத்து

நம் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் சட்டப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் எல்லோரும் கூடி, எனக்கு ஒரு மெயில் போட்டிருந்தீர்கள். பணி அனுபவத்தை எழுதித் தர வேண்டுமாம். “சட்டத்தைப் பற்றி நாலு வார்த்தை” என்று வேறு குறிப்பிட்டிருந்தீர்கள். நாலு வார்த்தை வேண்டுமென்றால் புத்தகத்தைத் திறந்து படித்துக்கொள்ளலாமே, அதற்கு நான் எதற்கு? ஓய்வு பெற்று மன்னார்குடியில் வேலைவெட்டி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள், ஏதாவது கிறுக்கித் தரட்டும் என்று நினைத்திருப்பீர்கள். சரி, கிறுக்குகிறேன். ஆனால் சட்டத்தைப் பற்றி மட்டும் இல்லை.

தலைவர் அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி மாட்டியிருக்கிறது, பார்த்திருப்பீர்கள். உள்ளே, பின்னிக் கட்டிய நெற்கதிர்க் கொத்து ஒன்று. கீழே பித்தளைத் தகட்டில் “காக்கப்பட்ட செல்வம்” என்று பொறித்திருக்கும். வேலையில் சேர்ந்த அன்று அதன் பக்கத்தில் நின்று செல்ஃபிகூட எடுத்திருப்பீர்கள். எல்லோரும் எடுக்கிறார்கள். அது யாரிடமிருந்து காக்கப்பட்டது, யாருக்காகக் காக்கப்பட்டது என்று உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். முதல் கேள்விக்குப் பதில் எளிது. இரண்டாவதைக் கேட்டால் அங்கே எல்லோருக்கும் திடீரென்று வேறு வேலை வந்துவிடும்.

நான் அந்த நிலையத்துக்கு வந்தபோது நெல்லைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சோறுதான். தஞ்சாவூர் கோர்ட்டில் அண்ணன் தம்பி பாகப்பிரிவினைச் சண்டைகளுக்கு வாதாடிக்கொண்டிருந்தவள். என்னை அங்கே அமர்த்தியது பல்லுயிர்ச் சட்டத்துக்காக. வெளிநாட்டு ஆளோ, வெளிநாட்டு நிறுவனமோ நம் விதையையும் பயிரையும் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ள முன் அனுமதி வேண்டும். அதை வைத்து நம் ஆட்கள் கண்டுபிடித்ததைக் கொண்டுபோகவும் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் அவர்கள் எடுத்தாலும் குற்றம், நாம் கொடுத்தாலும் குற்றம். விற்றேனா, சும்மா கொடுத்தேனா என்ற பேச்சுக்கே இடமில்லை. இதைப் பார்த்துக்கொள்ளத்தான் நான். வயலில் வேலை செய்யும் காளியம்மாளும் மற்றப் பெண்களும் என்னை வக்கீலம்மா என்றார்கள். அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல்.

அங்கே ஜமீலா என்று ஒரு ஆராய்ச்சியாளர் இருந்தாள். என்னைவிட ரொம்பச் சின்னவள். கடற்கரை ஊர்க்காரி. அண்ணன்மார்கள் எல்லோரும் வளைகுடாவில். இவளுக்கும் அங்கே ஒரு நல்ல வாழ்க்கை அமைந்திருக்கும். இவளோ கணுக்கால் வரை சேற்றில் நின்றுகொண்டு, உப்பு நிலத்தில் விளையும் நெல்லைத் தேடிக்கொண்டிருந்தாள். பேராவூரணிக்குத் தெற்கே கடைமடைக்குப் போயிருக்கிறீர்களா? காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேர வேண்டிய வயல்கள் அவை. ஆறு வராத வருஷம் அங்கே கடல் வரும். போர்வெல் போட்டால் வாயில் வைக்க முடியாது. ஜமீலா பிறந்து வளர்ந்தது அந்தப் பக்கம். ஆகவே அவளுக்கு இது படிப்பு மட்டும் இல்லை.

அந்தக் கடைமடையில் வீரையன் என்று ஒரு விவசாயி. அவர் குடும்பம் தலைமுறையாக ஒரு சிவப்பு நெல்லை வைத்திருந்தது. உவர்ச்சிகப்பு என்பார்கள். உப்புத் தண்ணீரில் நிற்கும். ஆனால் ஆள் உயரம் வளர்ந்து, காற்றடித்தால் படுத்துவிடும். விளைச்சலும் சொற்பம். அந்த உறுதியை எடுத்து, குட்டையாக நின்று நிறையக் காய்க்கும் ஒரு நெல்லுடன் சேர்க்க வேண்டும் என்பது ஜமீலாவின் திட்டம். விதை கேட்கப் போனபோது நானும் உடன் போயிருந்தேன். வீரையன் ஒரு மரக்கால் நெல்லை அளந்து வைத்துவிட்டு, கையை அதன் மேலிருந்து எடுக்காமலே பேசினார்.

“குடுக்கறேன் டாக்டரம்மா. நீங்க இத என்ன வேணா பண்ணுங்க. ஆனா சுத்திச் சுத்தி இங்கதான் வந்து சேரணும். மேட்டு வயக்காரனுக்கு நூறு நெல்லு இருக்கு. எங்களுக்கு இது ஒண்ணுதான்.”

“மொத நாத்து உங்க வயல்லதாங்க நடுவேன். இன்ஷா அல்லாஹ், நானே வந்து நடுவேன்” என்றாள் ஜமீலா.

வீரையன் என்னைப் பார்த்து, “வக்கீலம்மா, கேட்டுக்கிட்டீங்கள்ல?” என்றார். கேட்டுக்கொண்டேன் என்று தலையாட்டினேன். இந்தக் கதையில் இந்த ஒன்று மட்டும் உங்களுக்கு நினைவிருந்தால் போதும். அந்த நெல் அவர் வயலுக்குப் போய்ச் சேர வேண்டும். மற்றதெல்லாம் சில்லறை.

ஜமீலா பல வருஷம் பாடுபட்டாள். எத்தனையோ தலைமுறை நெல்லை வளர்த்துத் தூக்கிப் போட்டாள். கடைசியில் ஒரு பாத்தி தேறியது. உப்புத் தண்ணீரை விட்டுப் பார்த்தார்கள், பச்சையாக நின்றது. மழையில் பக்கத்துப் பாத்திகள் எல்லாம் சாய்ந்து கிடக்க, இது மட்டும் நிமிர்ந்திருந்தது. இன்னும் பெயர் வைக்கவில்லை, எண் மட்டும்தான். அடுத்த விதைப்புப் பட்டத்தில் வீரையன் வயலிலும் அக்கம்பக்கத்திலும் சோதனைக்கு நட வேண்டும் என்று பேச்சு. அவள் அந்தப் பாத்தியைக் காட்டும்போது முகத்தைப் பார்க்க வேண்டுமே! பிள்ளை பெற்றவள்கூட அவ்வளவு அலட்டிக்கொள்ள மாட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் வந்தார். மண்ணில் உப்பு எவ்வளவு ஏறுகிறது என்று அளப்பதில் கெட்டிக்காரர். அவர் பல்கலைக்கழகத்துக்கும் நமக்கும் ஒப்பந்தம். உரிய இடத்தில் அனுமதி வாங்கி, எழுதியது நான்தான். மண் அளவுகளைப் பகிர்ந்துகொள்ளலாம். விதை, இலை, வேர், பொடி ஒன்றும் கிடையாது என்று ஒவ்வொன்றாகப் போட்டிருந்தேன். அவர் படித்துவிட்டு, “வைக்கோலை விட்டுவிட்டீர்களே” என்று சிரித்தார். அதையும் சேர்த்தேன். எலி நுழையச் சந்து இல்லாத ஒப்பந்தம் என்று எனக்குள் ஒரு கர்வம் இருந்தது. இருக்கட்டும், உங்களுக்கும் வரும்.

அறுவடை அன்று அவர் வயலைப் பார்க்க வந்திருந்தார். நான் தஞ்சாவூரில் ஒரு கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாட்டில் கை வைக்கும் நேரம் ஜமீலாவிடமிருந்து போன்.

“அக்கா, எங்க இருக்கீங்க?”

“தஞ்சாவூர்லதான். ஏன் உன் குரல் ஒரு மாதிரி இருக்கு?”

“காளியம்மா அவருக்குக் கதிர் கட்டிக் குடுத்துட்டாங்க.”

“வருஷா வருஷம் குடுக்கறதுதானே?”

“என் பாத்தியிலேருந்து அறுத்துக் குடுத்துட்டாங்க, அக்கா. அவர் கிளம்பிப் போனப்புறம்தான் பாத்தேன்.”

கையைக் கழுவிவிட்டு எழுந்தேன்.

நம் வயல் பெண்களின் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அறுப்பு நாளில் களத்துக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பமாட்டார்கள். முதல் கைப்பிடிக் கதிரைச் சடை மாதிரிப் பின்னி, சிவப்பு நூல் சுற்றிக் கொடுப்பார்கள். வாங்கிப் போனவர் வீட்டு நிலைவாசலில் மாட்டுவார். கலெக்டர் வந்தாலும் உண்டு, கரண்ட் கணக்கெடுக்க வந்தவர் அகப்பட்டால் அவருக்கும் உண்டு. எப்போதும் பாத்திகளுக்கு வெளியே, ஓரமாக நட்டிருக்கும் சாதாரண நெல்லிலிருந்துதான் அறுப்பார்கள். அந்த வருஷம் ஓர வரிசை முழுக்க மழையில் சாய்ந்து, சேற்றில் புரண்டு கிடந்தது.

பிறகு காளியம்மாளிடம் கேட்டபோது அவள் சொன்னது இது: “அம்புட்டு தூரத்துலேருந்து வந்துருக்காரு. அவருக்குப் போயி சேத்துல கெடந்த கதிரையா குடுக்கறது? நம்ம ஊரப் பத்தி என்ன நெனப்பாரு? டாக்டரம்மா பயிரு ஒண்ணுதான் மானத்தக் காப்பாத்தற மாதிரி நின்னுச்சு. அதான் அறுத்தேன்.” சொல்லிவிட்டுப் பெருமையாக வேறு சிரித்தாள். அவளிடம் நான் எதைச் சொல்வது? ஒப்பந்தத்தில் வைக்கோலைக்கூடச் சேர்த்தவளுக்கு, நம் பெண்கள் விருந்தாளிக்கு என்ன கொடுப்பார்கள் என்பது தோன்றவே இல்லை.

ஜமீலா போனிலேயே இன்னொன்றும் சொன்னாள். பேராசிரியருடைய ஆய்வுக்கூடத்தை ஒரு பெரிய விதைக் கம்பெனி வாங்கப்போகிறது என்று அவரே காலையில் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். கூடம் கைமாறினால் அதிலுள்ள மேஜை, நாற்காலி, ஃப்ரிட்ஜ், ஃப்ரிட்ஜில் இருக்கும் விதை எல்லாம் கம்பெனிக்கு. அங்கே அந்த நெல்லை முளைக்கவைத்து, உரிமை வாங்கி, பெயர் வைத்து, பளபளப்பான பையில் அடைத்தால், வீரையன் தன் நெல்லையே விலைக்கு வாங்க வேண்டும். கதிர்க் கொத்து என்றால் எத்தனை மணி! ஒரு மணி போதுமே.

தலைவரைக் கூப்பிட்டேன். மனிதர் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தார்.

“வக்கீலம்மா, ஒரு கொத்துக் கதிருக்காக வந்த விருந்தாளியத் தொரத்திக்கிட்டுப் போவாங்களா? மனுஷன் என்ன நெனப்பாரு? அடுத்த ஒப்பந்தமே அத்துப் போயிடும்ங்க. பேசாம விடுங்க.”

“விட்டா நாளைக்குக் கேஸ் ஜமீலா மேல வரும் சார். உங்க மேலயும் வரும்.”

“அது அலங்காரத்துக்குக் குடுத்ததுங்க. வாசல்ல மாட்டுவாரு.”

“மாட்டிட்டா சரி. மாட்டலன்னா?”

“நான் உங்களப் போகச் சொல்லல” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். இப்படிப்பட்ட வாக்கியங்களை நீங்கள் நிறையக் கேட்பீர்கள். போனது சரியென்று ஆனால் அவர் அனுப்பியது, தப்பென்று ஆனால் நீங்களாகப் போனது. அந்த நேரத்தில் உங்களுக்கு மேலே யாரும் கிடையாது. அது பயமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது.

பேராசிரியர் தங்கியிருந்ததும் தஞ்சாவூரில்தான், அவர் ஓட்டலுக்கு ஆட்டோ பிடித்தேன். அவர் அறையைக் காலி செய்துவிட்டு, திருச்சி விமான நிலையத்துக்குப் போகும் காருக்காகக் கீழே காத்திருந்தார். கதிர்க் கொத்து அவர் மடியில் இருந்தது. கசங்கக் கூடாது என்று துண்டில் சுற்றிக் குழந்தை மாதிரி வைத்திருந்தார். திருடனைப் பிடிக்கப் போனவள் கண்டது இதைத்தான். அவர் கண்ணில் கள்ளம் இருந்ததா இல்லையா என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லத் தெரியாது. அது என் வேலையும் இல்லை. எதிராளி நல்லவரா கெட்டவரா என்று எடைபோட உட்கார்ந்தால் கார் கிளம்பிவிடும்.

நேராகச் சொன்னேன். இது சோதனைப் பாத்தியில் அறுத்த நெல், இதை நாட்டை விட்டுக் கொண்டுபோக அனுமதி இல்லை, திருப்பித் தர வேண்டும் என்றேன்.

“இது எனக்குப் பரிசாகக் கொடுத்தது” என்றார். முகம் சிவந்துவிட்டது. “அந்த அம்மாள் தன் கையால் கொடுத்தார். நான் கேட்கவில்லை.”

“தெரியும். அந்த அம்மாவுக்கு அதைக் கொடுக்க உரிமை இல்லை. எனக்கும் இல்லை. அதை வளர்த்த ஜமீலாவுக்கே இல்லை.”

“யாருக்குத்தான் இருக்கிறது?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வி அப்போது எனக்கு விதண்டாவாதமாகப் பட்டது. பிறகு பல நாள் அது என்னைத் தூங்கவிடவில்லை. நான் கையை நீட்டியபடி நின்றேன். ஓட்டல்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் துண்டோடு என் கையில் வைத்தார். பின்னலைப் புரட்டிப் பார்த்தேன். நூல் அவிழவில்லை, ஒரு கதிரும் உருவப்படவில்லை. வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று எனக்கும் தோன்றியதோ என்னவோ, ஓட்டல் கடையில் ஒரு தலையாட்டி பொம்மை வாங்கிக் கொடுத்தேன். அவர் அதைத் தட்டிவிட்டு, “இது எல்லாவற்றுக்கும் சரி என்கிறது, உங்களைப் போல இல்லை” என்றார். சிரித்தார். நான் ஆட்டோவில் ஏறியபின் அழுதேன், பயம் தெளிந்த அழுகை.

மறுநாள் நிலையத்தில் எனக்குப் பொன்னாடை. போகச் சொல்லாத தலைவர்தான் போர்த்தினார். தலைமையகத்திலிருந்து பாராட்டு வந்தது. கொத்துக்குக் கண்ணாடிப் பெட்டி செய்து மாட்டினார்கள். பித்தளைத் தகடு யார் யோசனை என்று தெரியவில்லை. ஜமீலா என் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்க உம்மாகிட்ட சொன்னேன் அக்கா, உங்களுக்கு துஆ செஞ்சாங்க” என்றாள். நான் பழக்கப்படாத புகழில் கொஞ்சம் மிதந்தேன் என்பதை மறைக்கவில்லை.

பாராட்டுக்குப் பின்னாலேயே உத்தரவு வந்தது. நடந்ததை நான் அறிக்கையாக அனுப்பியிருந்தேன். விருந்தாளிக்குக் கொடுக்கும் கதிரைத் தனி வயலில் அறுக்க வேண்டும், அவ்வளவுதான் நான் சொன்ன யோசனை. ஆனால் மேலே பயந்துவிட்டார்கள். அந்த நெல்லும், அதற்குத் தாயான உவர்ச்சிகப்பும் குளிர் அறையில் பூட்டப்பட வேண்டும். ஒரு மணி வெளியே போவதென்றாலும் குழு கூடி முடிவு செய்ய வேண்டும். விவசாயி வயலில் சோதனை நடவு கூடாது. ஏன் என்று கேட்டால், விவசாயி வயல் திறந்த வயலாம், வெளிநாட்டு ஆள் யாரும் வரலாமாம். கடைமடைக்கு எந்த வெளிநாட்டுக்காரன் வருகிறான்? நம் ஆட்களே எட்டிப் பார்ப்பதில்லை.

ஜமீலா கொதித்தாள். “கடலோரத்துக்குன்னு வளர்த்த நெல்ல கடலோரத்துல நடாம வேற எங்க நடறது அக்கா? மாடித் தோட்டத்துலயா?” என்று தலைவரின் எதிரிலேயே கத்தினாள். தலைவர் ஜன்னலைப் பார்த்தார்.

நானும் எழுதினேன். இந்தச் சட்டம் வெளியே போவதைத் தடுக்கத்தான். இந்த மண்ணில் விதைத்துக் காப்பாற்றி வந்தவர்களுக்கு அதிலேயே விலக்கு இருக்கிறது என்று விளக்கி எழுதினேன். பதில் வரவில்லை. பூட்டச் சொல்லும் கடிதத்துக்கு இருக்கும் கால்கள் திறக்கச் சொல்லும் கடிதத்துக்கு இருப்பதில்லை.

பிறகு அந்தப் புயல் வந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் மொத்தமாகச் சாய்ந்ததே, அந்தப் புயல்தான். எல்லோரும் தென்னையைப் பார்த்து அழுதார்கள். வீரையன் வீட்டுக்குள் கடல் தண்ணீர் புகுந்து, விதைக்கு வைத்திருந்த நெல் முழுக்க ஊறி அழுகிப்போனதை யாரும் கவனிக்கவில்லை. அக்கம்பக்கத்தில் உவர்ச்சிகப்பு வைத்திருந்த இரண்டொரு வீட்டிலும் அதே கதி. வயல் முழுக்க உப்பு பூத்துக் கிடந்தது. சாதாரண நெல் எதைப் போட்டாலும் எரிந்துவிடும். விதைப்புக்கு முன்னால் அவர் பஸ் ஏறி நிலையத்துக்கு வந்தார்.

தாழ்வாரத்தில் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஜமீலாவும் நானும் ஓடிப்போனோம்.

“இது நம்ம உவர்ச்சிகப்போட புள்ளையில்ல? மூக்கு நுனி செவப்பப் பாருங்க, அப்படியே இருக்கு” என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம். “நல்லா வந்துருக்கு டாக்டரம்மா. இதுல கொஞ்சம் குடுங்க. இது குடுக்க முடியாதுன்னா நான் குடுத்தத திருப்பிக் குடுங்க போதும். ஒரு மரக்காலு குடுத்தேன், ரெண்டு படி குடுங்க. பெருக்கிக்குவேன்.”

தலைவர் அறைக்கு அழைத்துப் போனோம். தலைவர் அவரை உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். எல்லாம் மரியாதையாகத்தான் நடந்தது. “குழுவுக்கு எழுதறேங்க, வந்ததும் தகவல் சொல்றேன்” என்றார்.

“சார், இதுக்குக் குழு தேவையில்ல. சட்டத்துல இவருக்குத் தடையே இல்ல. நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்” என்றேன்.

“நீங்க போடுவீங்க. உத்தரவு என் பேர்ல இருக்குங்க.” பிறகு குரலைத் தாழ்த்தி, “ஒரு கொத்துக்காக ஓட்டல் வரைக்கும் ஓடுனது நீங்கதானே வக்கீலம்மா? இப்ப நீங்களே தெறக்கச் சொன்னா நான் என்ன பண்றது?” என்றார்.

வீரையன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “யாருகிட்டேருந்து காப்பாத்தறீங்க, என்கிட்டேருந்தா?” என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். டீ ஆறிப்போய் அப்படியே இருந்தது.

அவரை வாசல் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு ஜமீலா என்னைத் தனியே இழுத்தாள். “குளிர் ரூம் சாவி என்கிட்ட இருக்கு அக்கா. ரெண்டு படி எடுத்துக் குடுத்துடறேன். நீங்க பாக்கலன்னு வச்சுக்கங்க.”

நான் சொல்ல வந்தது இந்த இடத்தைத்தான். உங்களுக்கும் இப்படி ஒரு ஐந்து நிமிஷம் வரும். சட்டம் ஒரு பக்கம், சட்டத்தின் பேரில் போட்ட உத்தரவு இன்னொரு பக்கம், நியாயம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். நான் கணக்குப் போட்டேன். அவள் எடுத்துக் கொடுத்தால் அதற்குப் பெயர் திருட்டு. வேலை போகும். வழக்கு வந்தால் வீரையன் வீட்டுக்கும் போலீஸ் போகும், விதையைப் பறிமுதல் செய்வார்கள். அவள் போய்விட்டால் அந்த நெல்லைப் பார்க்க ஆள் கிடையாது. ஆகவே, “வேண்டாம்டி. முறையா வாங்கித் தர்றேன், கொஞ்சம் பொறு” என்றேன்.

அவள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போனாள். நான் போய் வீரையனிடம் காத்திருக்கச் சொன்னேன். “பயிருக்குக் காத்திருக்கத் தெரியாதேம்மா” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார். நான் எடுத்த முடிவு சரியா என்று கேட்காதீர்கள். காகிதத்தில் சரி. இப்போதும் அந்த ஐந்து நிமிஷத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறேன், ஒவ்வொரு தடவையும் வேறு பதில் சொல்கிறேன்.

விதைப்புக் காலம் போனது. குழு கூடவில்லை. கூடியபோது ஆள் போதவில்லை. ஆள் வந்தபோது விளக்கம் கேட்டார்கள். விளக்கம் கொடுத்தோம், குழுத் தலைவர் மாறிப் புதியவர் வந்து முதலிலிருந்து படித்தார். அடுத்த விதைப்பும் போனது. நான் தஞ்சாவூருக்கும் சென்னைக்குமாக அலைந்தேன். வாசலில் நின்று கெஞ்சினேன், சில இடங்களில் கத்தினேன். யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். யாரும் கையெழுத்து மட்டும் போடவில்லை.

அதற்குள் ஜமீலா ராஜினாமா செய்தாள். அந்தப் பேராசிரியரின் கூடத்திலிருந்தே அழைப்பு வந்திருந்தது. கூடம் இப்போது கம்பெனியுடையது. உப்பு நெல்லில் வேலை, சொன்ன வசதிகள் எல்லாம் உண்டு, நட்டுப் பார்க்கக் கடலோர வயலும் உண்டு. விடைபெற வந்தபோது அவளைத் திட்டலாம் என்று நினைத்திருந்தேன், முடியவில்லை.

“நான் ஒரு மணிகூட எடுத்துட்டுப் போகல அக்கா. வேணும்னா பெட்டியத் தொறந்து பாருங்க” என்றாள்.

“எனக்குத் தெரியாதா?”

“அவர் வயல்ல நானே நடுவேன்னு சொன்னேன். அவரப் பாத்து எப்படிச் சொல்லிக்கிட்டுப் போறதுன்னுதான் தெரியல.” அழுதாள். நானும் அழுதேன்.

அவள் எதையும் எடுத்துப் போக வேண்டிய அவசியமே இல்லை, பாருங்கள். எதை எதோடு சேர்த்தால் எது வரும் என்பதெல்லாம் அவள் தலைக்குள் இருந்தது. கொத்துக்காக நான் ஓட்டல் வரைக்கும் ஓடினேன். ஆள் போனபோது நிலையத்தில் பிரிவுபசார விழா வைத்து, மாலை போட்டு, கேசரி கொடுத்து அனுப்பினோம்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்கள் இருக்கும்போது அனுமதி வந்தது. வீரையனுக்கு இரண்டு நெல்லிலும் விதை தரலாம் என்று. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு குதித்தேன் என்றே சொல்ல வேண்டும். குளிர் அறையிலிருந்து எடுத்து, முளைக்கிறதா என்று பார்த்தோம். முளைத்தது. காளியம்மாளும் என்னோடு கிளம்பினாள். குளிர் அறையில் உதிர்க்காமல் மீதியிருந்த கதிரில் கொத்து ஒன்று பின்னிச் சிவப்பு நூல் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். வழியெல்லாம் பஸ்ஸில் பேசிக்கொண்டே வந்தாள்.

வீரையன் வீட்டை அடையாளம் தெரிந்தது, வயலைத் தெரியவில்லை. வயல் இருந்த இடத்தில் கரை போட்டு, கறுப்புப் பாய் விரித்து, தண்ணீர் தேக்கியிருந்தது. நடுவில் காற்றாடி மாதிரி ஒன்று சுற்றித் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தது. இறால் குட்டை. அவரும், அவரைப் பார்த்து அக்கம்பக்கத்துக்காரர்களும் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். குத்தகை முடிந்தாலும் அந்த மண் இனி நெல்லுக்குத் திரும்பாது. மகன் சிங்கப்பூரில். அவர் அந்தக் குட்டைக்கே காவலுக்கு உட்கார்ந்திருந்தார்.

பையை நீட்டினேன். அவர் பைக்குள் கையை விட்டு நெல்லை அள்ளிப் பார்த்தார். முகர்ந்தார். மறுபடி உள்ளே கொட்டி, வாயைச் சுருக்கிக் கட்டி, என்னிடமே கொடுத்தார்.

“எடுத்துட்டுப் போங்கம்மா. இங்க இருந்தா கோழிதான் தின்னும்.”

“வேற யாருக்காவது…” என்று ஆரம்பித்தேன்.

அவர் சுற்றிக் கையைக் காட்டினார். கண்ணுக்கெட்டியவரை காற்றாடிகள்தான் சுற்றின.

காளியம்மாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மடியிலிருந்த கொத்தை எடுத்து, “இதையாவது வாங்கிக்கங்க” என்றாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். “நெலந்தான் இல்ல. நெலவாசல் இருக்குல்ல” என்றபடி முக்காலி போட்டு ஏறி, தானே ஆணி அடித்து மாட்டினார்.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கூடவே ரோடு வரை வந்தார். “அந்தக் கண்ணாடிப் பொட்டியில இருந்துச்சே, அது இன்னும் இருக்கா?” என்று கேட்டார்.

“இருக்குங்க.”

“அத பத்திரமா பாத்துக்கங்க” என்றார்.

பத்திரமாகத்தான் இருக்கிறது. நீங்கள் தினமும் அதைத் தாண்டித்தானே உள்ளே போகிறீர்கள்.